டீச்சரைக் கேளுங்கள்: பெட்டி ஒன்று, சாவி மூன்று

போன மாதம் நம் அரசியலமைப்பின் முகவுரையைப் பற்றி எழுதும்போது, அது "இந்திய மக்களாகிய நாம்" என்று தொடங்குவதைச் சொல்லி, 1787-ல் அமெரிக்கர்கள் எழுதிய சாசனமும் "மக்களாகிய நாம்" என்றுதான் தொடங்கும் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. கடலூர், புதுச்சேரி, நெய்வேலி, ஏனாம் என்று ஒரு கட்டே சேர்ந்துவிட்டது. 31 வருடம் மேல்நிலைப் பள்ளியில் அரசியல் அறிவியல் நடத்தியவளுக்கு இதைவிடச் சந்தோஷம் வேறென்ன வேண்டும்? இந்த மாதம் முழுக்க அந்தக் கேள்விகள்தான்.

1776-லேயே சுதந்திரம் அறிவித்துவிட்டார்கள். அரசியலமைப்பு எழுதியதோ 1787-ல். நடுவில் 11 வருடம் எதை வைத்து ஆண்டார்கள், டீச்சர்?
(போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி, மஞ்சக்குப்பம்)

ஒன்று இருந்ததம்மா. புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடித்துவிடுவதால் யார் மனதிலும் நிற்பதில்லை. 'கூட்டமைப்பு விதிகள்' என்று பெயர். 1777 நவம்பரில் எழுதி ஏற்றார்கள். 13 மாநிலங்களும் ஒப்புக்கொண்டு அது நடைமுறைக்கு வர 1781 மார்ச் ஆகிவிட்டது.

நம் மீனவ ஊர்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள் இல்லையா? குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் கூடி முடிவெடுத்தால் அது வசூலாகியே தீரும். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் பல ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். ஒவ்வொரு சாமியையும் சுற்றி அந்தந்த ஊர்க்காரர்கள். இப்படி 13 ஊர் சேர்ந்து ஒரு பொதுக் கமிட்டி போட்டதாக வைத்துக்கொள்வோம். சண்டை வந்தால் சமாளிப்பது, வாங்கிய கடனை அடைப்பது எல்லாம் கமிட்டியின் தலையில். ஆனால் எந்த வீட்டுக்கும் போய் வரி கேட்கிற உரிமை அதற்குக் கிடையாது. ஊர்களிடம் "பார்த்துக் கொடுங்கள்" என்று கேட்கலாம், அவ்வளவுதான். கொடுக்காத ஊரை ஒன்றும் செய்ய முடியாது.

அமெரிக்கக் கூட்டமைப்பு சரியாக அப்படித்தான் இருந்தது. ஜனாதிபதி கிடையாது, நாட்டுக்கென்று தனி நீதித்துறை கிடையாது. பெரிய மாநிலமோ சின்ன மாநிலமோ, காங்கிரஸ் என்ற பொதுச் சபையில் மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. முக்கியமான தீர்மானத்துக்கு 9 மாநிலங்கள் வேண்டும். விதியைத் திருத்த 13-ம் வேண்டும். இறக்குமதிக்கு 5 சதவீதம் வரி போட்டுப் போர்க்கடனை அடைக்கலாம் என்று கேட்டபோது, 1782-ல் ரோட் ஐலண்ட் என்ற மிகச் சின்ன மாநிலம் முடியாது என்றது. அதோடு அந்தத் திட்டம் படுத்துவிட்டது. போரில் சண்டை போட்ட சிப்பாய்களுக்குச் சம்பள பாக்கி. 1786-ல் மாசசூசெட்ஸ் விவசாயிகள் கடனும் வரியும் தாங்காமல், டேனியல் ஷேஸ் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி முன்னால் நிற்க, நிலத்தை ஜப்தி செய்யும் நீதிமன்றங்களைக் கூடவிடாமல் தடுத்தார்கள். அதை அடக்க அனுப்பக் காங்கிரஸிடம் படை இல்லை. பாஸ்டன் வியாபாரிகள் பணம் போட்டுத் திரட்டிய படைதான் போனது.

இதைத் தேர்வுக்காக இல்லாமல் உங்களுக்காக நினைவில் வையுங்கள்: 1787 மே மாதம் பிலடெல்பியாவில், இந்தச் சாசனத்தை எழுதிய மாநாட்டில் கூடியவர்கள் மனதில் இரண்டு பயம் இருந்தது. அளவில்லாத அதிகாரத்தோடு இருந்த ராஜாவைப் பார்த்த பயம் ஒன்று. கையாலாகாத மைய அரசைப் பார்த்த பயம் இன்னொன்று. அந்தச் சாசனத்தில் எந்தப் பிரிவைப் படித்தாலும், இது எந்தப் பயத்துக்கு மருந்து என்று கேட்டுப் பாருங்கள். பாதி பாடம் தானாகப் புரிந்துவிடும்.

அமெரிக்கச் சுதந்திரப் போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று நம் கடலூரில் நடந்ததாக ஒருவர் சொன்னார். நம்பலாமா?
(கல்லூரி மாணவர், தேவனாம்பட்டினம்)

தாராளமாக நம்பலாம் தம்பி. 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் அமெரிக்கர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு பிரிட்டனுக்கு எதிராக இறங்கியது. இறங்கியதும் அடி விழுந்த இடங்களில் ஒன்று நம் புதுச்சேரி. அந்த வருடம் அக்டோபரிலேயே ஆங்கிலேயர் முற்றுகையிட்டுப் பிடித்துவிட்டார்கள். 1782-ல் பிரெஞ்சுக்காரர்களும் ஹைதர் அலியின் படையும் சேர்ந்து கடலூரைப் பிடித்தார்கள். அதை மீட்க ஆங்கிலேயர் வந்து, 1783 ஜூன் 13 அன்று கடலூருக்குத் தெற்கே பெரிய சண்டை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் விழுந்தார்கள். ஜூன் 20 அன்று கடலில் சுஃப்ரான், ஹியூஸ் என்ற இரண்டு தளபதிகளின் கப்பல் படைகள் மோதின.

எனக்கு மனது வலிக்கிற இடம் இதுதான்: பிரிட்டனும் பிரான்ஸும் சமாதானத்துக்கான முதற்கட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது அந்த வருடம் ஜனவரி 20. செய்தி கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தது ஜூன் மாதக் கடைசியில். முடிந்துபோன போரில் ஐந்து மாதம் கழித்து நம் மண்ணில் ஆள் செத்திருக்கிறார்கள். அதில் இந்தியச் சிப்பாய்களும் ஏராளம்.

இன்னொன்றையும் பார்க்கலாம். கெடிலம் கரையில் இடிந்து கிடக்கிற செயின்ட் டேவிட் கோட்டையை 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி, செஞ்சியில் இருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கம்பெனியின் கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர்தான். கோட்டையோடு எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் என்று பேச்சு. கோட்டையிலிருந்து நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு எட்டிய எல்லைக்குள் இருந்த ஊரெல்லாம் கம்பெனிக்கு என்று ஆகிவிட்டது. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். நான் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போகும்போதெல்லாம், சுவர் மேல் ஏற்றிவிட்டு, "இங்கிருந்து சுட்டால் உன் வீடு உள்ளே வருமா?" என்று கேட்பேன். விரலை நீட்டி நீட்டிப் பார்ப்பார்கள். குண்டு விழுந்த ஊரில் இருந்த யாரிடமும் சம்மதமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும்.

அதே கம்பெனியின் தேயிலையைத்தான் 1773 டிசம்பர் 16 இரவில் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டி கடலில் கொட்டினார்கள். எங்கள் பிரதிநிதி இல்லாத சபை எங்களுக்கு எப்படி வரி போடலாம் என்பதுதான் சண்டை. அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அது. பீரங்கியிலிருந்தா, ராஜாவின் பிறப்பிலிருந்தா, ஆளப்படுகிறவர்களின் சம்மதத்திலிருந்தா? 1776 சுதந்திரப் பிரகடனம் சம்மதம் என்று எழுதியது. மக்கள் இறைமை என்று பாடத்தில் வருவது இதுதான். 1787 சாசனத்தின் முந்தைய வரைவில் "இன்னின்ன மாநிலங்களின் மக்களாகிய நாம்" என்று 13 பெயரும் வரிசையாக இருந்தன. எத்தனை மாநிலம் ஒப்புக்கொள்ளும் என்று தெரியாத நிலையில், கடைசி நடையைச் செப்பனிட்ட குழு பெயர்களை எடுத்துவிட்டு "அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மக்களாகிய நாம்" என்று மாற்றியது. எழுதியவர் கூவர்னர் மோரிஸ். சின்னத் திருத்தம்தான். ஆனால் மாநிலங்கள் சேர்ந்து போட்ட ஒப்பந்தம் என்பது மாறி, ஒரே மக்கள் கூட்டம் எழுதிக்கொண்ட சாசனம் என்று ஆனது.

அதிகாரப் பிரிவினை, தடுப்பும் சமன்செய்தலும்: இரண்டும் ஒன்றுதானே? ஏன் இரண்டு தலைப்பாகப் படிக்கிறார்கள்?
(ஓய்வு பெற்ற சுரங்க ஊழியர், நெய்வேலி)

ஒன்று இல்லை, ஐயா. எங்கள் தெரு மகளிர் சுயஉதவிக் குழுவில் நடந்ததைச் சொன்னால் எளிதாகப் புரியும்.

நாங்கள் 16 பேர். ஆரம்பத்தில் வரவு நோட்டு, வங்கிப் பாஸ்புக், கையிருப்புப் பெட்டி எல்லாம் ஒரே அம்மாவிடம். தங்கமான மனுஷி. ஐந்து ரூபாய் அதிகம் வந்துவிட்டால்கூட வீடு தேடி வந்து கொடுப்பாள். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் வந்ததே, அதில் அவள் வீட்டுக் கூரை போய், நோட்டு நனைந்து கூழாகிவிட்டது. மை எல்லாம் ஊறி நீலத் தண்ணீராக வழிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு கடன் என்று சொல்ல வேறு தாள் கிடையாது. நாங்கள் யாரும் அவளைச் சந்தேகப்படவில்லை. ஆனாலும் அவள் அழுதாள். "எடுத்துட்டேன்னு யாராச்சும் நினைச்சா, இல்லைன்னு காட்ட என்கிட்ட என்ன இருக்கு டீச்சர்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அதற்கப்புறம் மாற்றினோம். நோட்டு ஒருவரிடம், பாஸ்புக் இன்னொருவரிடம், பெட்டி மூன்றாமவரிடம். இது பிரிவினை. அதோடு விடவில்லை. பெட்டிக்கு மூன்று பூட்டு, சாவி மூவரிடமும். வங்கியில் எடுக்க மூவர் கையெழுத்து. நோட்டுக்காரர் எழுதியதை மாதக் கூட்டத்தில் உரக்க வாசிக்க வேண்டும். ஒருவர் வேலையில் இன்னொருவர் கைக்கும் இப்படி இடம் வைத்திருப்பதுதான் தடுப்பும் சமன்செய்தலும். வேலையைப் பிரித்ததோடு நிறுத்தியிருந்தால் மூன்று பேரும் தனித்தனிச் சின்ன ராஜாக்கள் ஆகியிருப்பார்கள்.

அமெரிக்கச் சாசனத்திலும் இதே கதைதான். சட்டம் போடப் பிரதிநிதிகள் சபை, செனட் என்று இரண்டு சபை கொண்ட காங்கிரஸ், நடத்த ஜனாதிபதி, தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம். பிரிவினை முடிந்தது. ஆனால் காங்கிரஸ் போட்ட சட்டத்தை ஜனாதிபதி மறுத்துத் திருப்பி அனுப்பலாம். திரும்பி வந்ததை இரண்டு சபையும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு மீண்டும் நிறைவேற்றினால் அவர் மறுப்புச் செல்லாது. நீதிபதியை ஜனாதிபதி முன்மொழிவார், செனட் ஒப்பவேண்டும். படைக்குத் தலைவர் ஜனாதிபதி. போரை அறிவிக்கிற அதிகாரமும் பணப்பையும் காங்கிரஸிடம். ஜனாதிபதியே தப்புச் செய்தால் பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டும், செனட் விசாரித்து மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருந்தால் வெளியே அனுப்பும்.

அதிகாரத்தைப் பிரிக்க வேண்டும் என்ற யோசனை அவர்களுக்கு மாண்டெஸ்கியூ என்ற பிரெஞ்சு அறிஞர் 1748-ல் எழுதியதிலிருந்து வந்தது. ஒருவர் சாவியை இன்னொருவர் பூட்டில் கோத்துவிட்ட நுணுக்கத்தில் ஜேம்ஸ் மேடிசனுக்குப் பெரிய பங்கு உண்டு. மனிதர்கள் தேவதூதர்களாக இருந்தால் அரசாங்கமே தேவைப்படாது என்று 1788-ல் எழுதியவர் அவர். அதைக் கெட்டவர்களை மட்டும் மனதில் வைத்து எழுதினார் என்றுதான் நான் ரொம்ப நாள் பாடம் நடத்தினேன். புயலுக்கு அப்புறம் அப்படி நடத்துவதில்லை. நல்லவர்களுக்கும் அந்த மூன்று சாவி வேண்டும், ஐயா. தான் நேர்மை என்று காட்ட அவர்களுக்கு வேறு வழி இல்லை.

எங்கள் ஊர் சின்னது. சட்டசபையில் எங்களுக்கு ஒரே இடம். பெரிய மாநிலமும் சின்ன மாநிலமும் சமம் என்று அமெரிக்காவில் எப்படி ஒப்புக்கொண்டார்கள்?
(கடை வைத்திருக்கும் வாசகர், ஏனாம்)

சுலபத்தில் ஒப்புக்கொள்ளவில்லை அண்ணா. மாநாடு உடைந்தேபோயிருக்கும்.

புதுச்சேரி சட்டசபையின் 30 தொகுதிகளில் புதுச்சேரிப் பகுதிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாஹேவுக்கு 1, உங்கள் ஏனாமுக்கு 1. தலை எண்ணிப் பிரித்தால் இப்படித்தான் வரும். "நாலு பகுதிக்கும் சமமாகக் கொடுங்கள்" என்று மாஹேயும் ஏனாமும் கேட்டால், "எங்கள் ஊரில் இத்தனை லட்சம் பேர் இருக்கிறோமே" என்று புதுச்சேரிக்காரர் கேட்பார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பிலடெல்பியாவில் வர்ஜீனியா போன்ற பெரிய மாநிலங்கள் தலைக்கணக்குப்படி என்றன. நியூ ஜெர்ஸி போன்ற சின்னவை மாநிலத்துக்கு ஒரு ஓட்டு என்றன. வெயில் காலத்தில் வாரக்கணக்காக இழுத்தது. கனெக்டிகட்டின் ரோஜர் ஷெர்மன் தரப்பு முன்வைத்த யோசனை 1787 ஜூலை 16 அன்று 5 மாநிலங்களுக்கு 4 என்ற கணக்கில் மயிரிழையில் நிறைவேறியது. மாசசூசெட்ஸ் குழு தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து நின்றது. இரண்டு சபை. ஒன்றில் மக்கள் தொகைப்படி இடம். இன்னொன்றில், அதாவது செனட்டில், ஒவ்வொரு மாநிலத்துக்கும் 2 பேர்.

இன்றும் கிட்டத்தட்ட 4 கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் 2, 6 லட்சத்துக்கும் குறைவான வயோமிங்குக்கும் 2. அந்தச் சமத்துவத்தை மாநிலத்தின் சம்மதம் இல்லாமல் திருத்தத்தால்கூடப் பறிக்க முடியாது என்று எழுதிப் பூட்டிவிட்டார்கள். நம் மாநிலங்களவை அப்படி இல்லை. உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, புதுச்சேரிக்கு 1. என் கருத்தைக் கேட்டால், 4 கோடிக்கும் 6 லட்சத்துக்கும் ஒரே எடை என்பது இன்றைக்கு அளவு மீறியதாகத் தெரிகிறது. ஆனால் அன்று அந்த விலையைக் கொடுக்காமல் ஒரு நாடு உருவாகியிருக்காது.

புதுச்சேரிக்கு மாநில அந்தஸ்து கேட்டுச் சட்டசபையில் பலமுறை தீர்மானம் போட்டாயிற்று. அமெரிக்க மாநிலங்களுக்கு இருக்கிற உரிமை நமக்கு ஏன் இல்லை?
(அச்சகம் நடத்தும் வாசகர், முத்தியால்பேட்டை)

பிறந்த விதம் வேறு, ஐயா. அங்கே மாநிலங்கள் முதலில் பிறந்தன, நாடு அப்புறம். தங்களிடம் இருந்ததில் ஒரு பங்கை எடுத்து மைய அரசுக்குக் கொடுத்தார்கள். கொடுக்காதது எல்லாம் மாநிலத்துக்கோ மக்களுக்கோ என்று 10-வது திருத்தம் சொல்கிறது. இங்கே தலைகீழ். பட்டியலில் இல்லாத மிச்ச அதிகாரம் ஒன்றியத்துக்கு. மாநில எல்லையை நாடாளுமன்றமே மாற்றலாம். அங்கே சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் வேண்டும்.

புதுச்சேரியோ மாநிலமும் இல்லை. இதன் சட்டசபை 1963-ல் நாடாளுமன்றம் போட்ட ஒரு சட்டத்தின்படி நடக்கிறது. அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் கருத்து வேறுபட்டால் விஷயம் குடியரசுத் தலைவரிடம், அதாவது டெல்லிக்குப் போகும். அமெரிக்காவோடு ஒப்பிட வேண்டுமானால் மாநிலங்களோடு இல்லை, தலைநகர் வாஷிங்டனோடு ஒப்பிடுங்கள். அந்த ஊர் மக்கள் ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டுப் போட 1961-ல் 23-வது திருத்தம் வர வேண்டியிருந்தது. காங்கிரஸில் இன்றும் அவர்களுக்கு ஓட்டுள்ள உறுப்பினர் கிடையாது. 2000 முதல் அவர்கள் வண்டி நம்பர் பிளேட்டில் "பிரதிநிதித்துவம் இல்லாமல் வரிவிதிப்பு" என்ற சொற்கள் வருகின்றன. 1760-களில் லண்டனைப் பார்த்து எழுப்பிய அதே குரல்.

ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர் கையில் முடிவு இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. கேட்டுக்கொண்டே இருங்கள்.

மக்களின் பெயரால் எழுதிய சாசனத்தை ஜன்னலை மூடிக்கொண்டு எழுதியது சரியா?
(வழக்கறிஞர், கடலூர் முதுநகர்)

பிலடெல்பியா மாநாட்டுக்கு 55 பேர் வந்து போனார்கள், 39 பேர் கையெழுத்திட்டார்கள். செப்டம்பர் 17 வரை உள்ளே பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்று விதி. மேடிசன் எழுதிவைத்த குறிப்புகள் அவர் இறந்த பிறகு 1840-ல்தான் அச்சாயின. பேசியவர் மனம் மாறிக் கருத்தை மாற்றிக்கொள்ள அந்த மறைவு உதவியது என்பது உண்மை. ஆனாலும் நம் அரசியல் நிர்ணய சபையைத்தான் நான் உயர்வாக வைப்பேன். 1946 டிசம்பர் 9 முதல் 1949 நவம்பர் 26 வரை அத்தனை விவாதமும் நாடறிய நடந்தது.

எழுதியவர்களே அமல்படுத்திவிட்டார்களா, மக்களைக் கேட்டார்களா?
(ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், வில்லியனூர்)

கேட்டார்கள். உங்கள் ஊர்க்காரருக்கு இது நன்றாகவே புரியும், பக்கத்தில்தானே கீழூர் இருக்கிறது.

பழைய விதிப்படி திருத்தத்துக்கு 13 மாநிலச் சட்டமன்றங்களும் ஒப்ப வேண்டும். பிலடெல்பியாவில் அதை ஒதுக்கிவிட்டு, இதற்கென்றே மக்கள் தேர்ந்தெடுக்கும் தனி மாநாடுகள் ஒவ்வொரு மாநிலத்திலும் கூடட்டும், 9 மாநிலம் சரி என்றால் போதும் என்று எழுதினார்கள். டெலவேர் 1787 டிசம்பர் 7-ல் முதலில் ஒப்புக்கொண்டது. மாசசூசெட்ஸில் 187-க்கு 168. நியூ ஹாம்ப்ஷயர் 1788 ஜூன் 21-ல் ஒன்பதாவதாக வந்தது. வர்ஜீனியாவில் 89-க்கு 79, நியூயார்க்கில் 30-க்கு 27. நியூயார்க்கைத் தன் பக்கம் இழுக்கத்தான் ஹாமில்டன், மேடிசன், ஜான் ஜே மூவரும் ஒரே புனைபெயரில் 85 கட்டுரை எழுதினார்கள். முரண்டு பிடித்த ரோட் ஐலண்ட் 1790 மே 29-ல், 34-க்கு 32 என்று கடைசியாக வந்து சேர்ந்தது.

இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, பக்கத்தில் கீழூர் எண்ணையும் எழுதுவேன். 1954 அக்டோபர் 18: பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் சட்டசபை, நகரசபைப் பிரதிநிதிகள் 178 பேர், இந்தியாவோடு சேர 170, வேண்டாம் என்று 8. நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. ஒரு கொட்டகையில் வரிசையாகப் போய் ஓட்டுப் போட்டு ஒரு ஆட்சியை மாற்றிக்கொண்ட ஊர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கும்போது, பிலடெல்பியா எனக்கு அந்நியமாகத் தெரிந்ததே இல்லை. அந்த 8 பேரையும் வகுப்பில் மறக்காமல் சொல்வேன். வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு இருந்ததால்தான் 170-க்கு மதிப்பு.

உரிமைகள் சாசனம் முதலிலேயே ஏன் இல்லை?
(சட்டக் கல்லூரி மாணவி, காலாப்பட்டு)

தேவையில்லை என்று ஹாமில்டன் போன்றவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். அரசுக்குக் கொடுக்காத அதிகாரத்தை எடுத்துக்கொள்ளாதே என்று எதற்கு எழுத வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஜார்ஜ் மேசன் ஒப்பவில்லை. கடைசி நாள் வரை இருந்தும் கையெழுத்துப் போடாத மூவரில் அவரும் ஒருவர். மாநில மாநாடுகளில் எதிர்ப்பு வலுத்ததால் பிறகு சேர்ப்பதாக வாக்குக் கொடுக்க வேண்டிவந்தது. 1789-ல் காங்கிரஸ் 12 திருத்தம் அனுப்பியது. 10 மட்டும் 1791 டிசம்பர் 15-ல் நிறைவேறின. பேச்சு, மதம், பத்திரிகை, கூட்டம் கூடுதல் எல்லாம் அதில் வருபவை.

மிச்சம் 2-ல் ஒன்றின் கதையை ஆசிரியர் எல்லாரும் கேட்க வேண்டும். காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளத்தை மாற்றினால் அது அடுத்த தேர்தலுக்குப் பிறகே நடைமுறைக்கு வர வேண்டும் என்ற திருத்தம் அது. 1982-ல் கிரெகரி வாட்சன் என்ற டெக்சாஸ் மாணவர், இதை இன்னும் நிறைவேற்றலாம் என்று கட்டுரை எழுதினார். 'சி' கிரேடு போட்டார்கள். அவர் மனம் தளராமல் மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதினார். 1992-ல் அது 27-வது திருத்தம் ஆனது. 2017-ல் அவர் கிரேடை 'ஏ' என்று திருத்தினார்கள். இதைப் படித்த பிறகு மாணவர் கட்டுரையில் மதிப்பெண் குறைக்கும் முன் இரண்டு முறை படிக்கும் வழக்கம் எனக்கு வந்தது.

சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் அவர்கள் சாசனத்தில் எங்கே இருக்கிறது? தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.
(அதே மாணவி)

கிடைக்காது. வெளிப்படையாக எழுதவில்லை. 1803-ல் மார்பரி வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், சாசனம்தான் மேலான சட்டம், அதோடு மோதும் சட்டத்தை நீதிமன்றம் எப்படி ஏற்கும் என்று வாதித்து நிலைநாட்டினார். நீதிப்புனராய்வு அங்கிருந்துதான் வேரூன்றியது. நம்மவர்கள் அந்தக் குறையை வைக்கவில்லை. 13-வது பிரிவில் எழுதியே விட்டார்கள்.

"மக்களாகிய நாம்" என்று எழுதியவர்களில் அடிமைகள் வைத்திருந்தவர்கள் இருந்தார்களாமே? பெண்கள் யாரும் இல்லையாமே? அப்படியென்றால் அந்த "நாம்" யார், டீச்சர்? நாங்கள் ஏன் படிக்க வேண்டும்?
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, பண்ருட்டி)

வந்த கடிதங்களிலேயே கனமானது உன்னுடையதுதான், கண்ணு. இங்க் பேனாவில் இரண்டு முறை அடித்து எழுதியிருக்கிறாய். யோசித்து எழுதியது தெரிகிறது.

ஆமாம், இருந்தார்கள். மாநாட்டுக்குத் தலைமை வகித்த வாஷிங்டனிடமும் மேடிசனிடமும் அடிமைகள் இருந்தார்கள். இன்னும் மோசமானதைச் சொல்கிறேன். ஏனாம் வாசகருக்குத் தலைக்கணக்கைப் பற்றி எழுதியிருக்கிறேன் பார். அந்தக் கணக்கில் அடிமைகளைச் சேர்ப்பதா என்று சண்டை வந்தது. ஓட்டும் இல்லை, உரிமையும் இல்லை, ஆனால் எங்கள் இடங்களைக் கூட்ட அவர்களை எண்ணுங்கள் என்று தென் மாநிலங்கள் கேட்டன. கடைசியில் 5 அடிமைகளை 3 பேராக எண்ணுவது என்று முடித்தார்கள். மனிதரை ஐந்தில் மூன்றாக எழுதிய அந்தச் சாசனத்தில் 'அடிமை' என்ற சொல்லே கிடையாது, "மற்ற ஆட்கள்" என்று எழுதினார்கள். சொல்லை எழுதக் கூசிய கைகள் செயலுக்குக் கூசவில்லை. அடிமை வியாபாரத்தை 1808 வரை காங்கிரஸ் தடுக்க முடியாது என்றும் எழுதினார்கள். அடிமைமுறை ஒழிய ஒரு உள்நாட்டுப் போரும் 1865-ன் 13-வது திருத்தமும் வேண்டியிருந்தன. சட்டம் எழுதும்போது பெண்களை மறக்காதீர்கள் என்று 1776 மார்ச்சிலேயே அபிகெயில் ஆடம்ஸ், காங்கிரஸில் இருந்த தன் கணவர் ஜான் ஆடம்ஸுக்குக் கடிதம் எழுதினார். பெண்ணின் ஓட்டுரிமை நாடு முழுவதற்கும் சாசனத்தில் ஏறியது 1920-ல்.

இதை மறைத்துவிட்டுப் பாடம் நடத்துவது தப்பு. நீ கேட்டது சரி.

ஆனாலும் படி என்றுதான் சொல்வேன். அந்தச் சாசனத்தில் அதைத் திருத்துகிற வழியையும் எழுதிவைத்தார்கள். விலக்கி வைக்கப்பட்டவர்கள் அந்த வழியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். நம் நாட்டில் அரசியலமைப்பு எழுத உட்கார்ந்தபோது 15 பெண்கள் அவையிலேயே இருந்தார்கள். அதில் தாட்சாயணி வேலாயுதன், தீண்டாமைக் கொடுமையை அனுபவித்த சமூகத்திலிருந்து சென்னை மாகாணத்தின் பிரதிநிதியாகப் போனவர், வயது 34. பிலடெல்பியாவில் யார் இல்லையோ அவரைப் போன்றவர் டெல்லியில் இருந்தார்.

ஃபிரெடெரிக் டக்ளஸ் என்று ஒருவர். அடிமையாகப் பிறந்து, எழுத்தைத் திருட்டுத்தனமாகக் கற்று, தப்பி ஓடி, பெரிய பேச்சாளர் ஆனவர். அடிமைமுறை இன்னும் ஒழியாத 1860-ல் அவர் கிளாஸ்கோ நகரில் பேசும்போது இதே சாசனத்தைக் கையில் எடுத்தார். அதில் எழுதியிருப்பது "மக்களாகிய நாம்" என்றுதான், "வெள்ளை மக்களாகிய நாம்" என்று இல்லை என்றார். தன்னை மனதில் வைக்காமல் எழுதிய சொல்லைத் தனக்கும் உரியதாக எடுத்துக்கொண்டார்.

அந்தப் பேச்சின் ஒரு பகுதியைப் பிரதியெடுத்து உன் பள்ளி முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். இங்கிலீஷ் கொஞ்சம் கடினம். உன் ஆங்கில ஆசிரியரோடு உட்கார்ந்து படி. புரியாத வரியை அடிக்கோடு போட்டு எனக்கு எழுது, அடுத்த மாதம் அதிலிருந்து தொடங்குவோம்.